செல்லக்கனியின் தூங்காத பெட்டி

எந்த அறைக்குள் போனாலும் செல்லக்கனி வாசலைப் பார்த்த மாதிரிதான் உட்காருவாள். எங்கள் வீட்டு மாடிக்குக் குடிவந்த அன்றே அம்மா இதைக் கவனித்துவிட்டு எனக்குப் போனில் சொன்னாள். "நன்னாப் பேசறாடி. ஆனா கண்ணு மட்டும் என் தோளுக்குப் பின்னாடியே இருக்கு."

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து பிள்ளைப்பாக்கம் போகிற வழியில் அப்பா கட்டிய வீடு அது. அவர் போன பிறகு அம்மா வேங்கடலக்ஷ்மி கீழே தனியாக இருக்கிறாள். மாடியில் ஒரகடம் ஆலைகளில் வேலை பார்க்கும் பெண்கள், எல்லோரும் தெற்கத்திப் பிள்ளைகள். எதிர்க் காலிமனையில் கன்டெய்னர் லாரிகள் நிற்கும். கம்பெனி வேன் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடித்தால் மாடிப்படி தடதடக்கும். பிறகு அடுத்த ஷிப்ட் முடியும்வரை வீட்டில் சத்தம் இருக்காது. நான் இருப்பது கடல் தாண்டி ஒரு குளிர்நாட்டில். அந்த வீட்டில் எது நடந்தாலும் எனக்குப் போன் வழியாகத்தான் நடக்கும். அதனால் போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம்.

செல்லக்கனிக்கு நாங்குநேரிப் பக்கம் ஒரு கிராமம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தபோது பாதியில் நிறுத்திக் கல்யாணம் செய்து வைத்தார்கள். கணவன் இசக்கியப்பன் பக்கத்து டவுனில் கேபிள், இன்டர்நெட் இணைப்புக் கொடுக்கிற கடை வைத்திருந்தான். ஊருக்கெல்லாம் இன்டர்நெட் கொடுத்தவன், மனைவிக்கு மட்டும் பாஸ்வேர்டு சொல்லமாட்டான். "படி, வேண்டாங்கல. ஆனா நான் இறக்கித் தாரதைத்தான் படிக்கணும்" என்பானாம். விட்டுப்போன பாடங்களின் வீடியோக்களைக் கடையிலிருந்தே தன் போனில் வரிசை போடுவான். வீட்டு மூலையில் இருக்கும் பெட்டி அவற்றை இறக்கி வைக்கும்.

உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி. பக்கத்தில் ஒரு ஹார்ட்டிஸ்க் ஒட்டிக்கொண்டிருக்கும். என்னென்ன வேண்டும் என்று அதனிடம் ஒப்படைத்துவிட்டு லேப்டாப்பை மூடிவிடலாம். லேப்டாப் தூங்கும், பெட்டி விழித்திருந்து ஒவ்வொன்றாக இறக்கும். விடிவிளக்கு குடிக்கிற கரண்டுதான் அதற்கும். வெளியிலிருந்து யாராவது 'இருக்கிறாயா' என்று கேட்டால், தூங்குகிற லேப்டாப்புக்குப் பதிலாக 'இருக்கிறேன்' என்று அதுவே சொல்லும். அப்போது கேட்டவர் போனில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும்.

செல்லக்கனி தூக்கத்தில் பேசுவாள். சிறு வயதிலிருந்தே உண்டு. அவள் வீட்டில் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். இசக்கியப்பன் சிரிக்கவில்லை. விழித்திருந்து கேட்டான். காலையில் காபித் தம்ளரை வாங்கி வைத்துக்கொண்டு விசாரிப்பான். "'விடுங்க அண்ணாச்சி'ன்னியே, எந்த அண்ணாச்சி?" அவளுக்குத் தெரியாது. தெரியாது என்றால் இடது மணிக்கட்டைப் பிடிப்பான். பிடி ஒரு நாளைக்கு ஒரு நாள் இறுகிக்கொண்டே போய் ஒரு காலையில் எலும்பு விட்டுவிட்டது. மாவுக்கட்டுப் போட்ட ஆஸ்பத்திரியில், வழுக்கி விழுந்தாள் என்று அவனே எழுதிக் கொடுத்தான்.

ஒரு முறை புகாரும் கொடுத்துப் பார்த்தாள். இருவரையும் உட்காரவைத்துச் சமாதானம் பேசி ஒரே ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். அதன் பிறகு கடைக்குப் போகும்போது அவன் கதவை வெளியே பூட்ட ஆரம்பித்தான். அவள் வெளியேறியது கொல்லைப்புறத்துக் கூரை ஓட்டைப் பிரித்து. சான்றிதழ்களின் அசல் அவன் கடையில் இருந்தது. நகல்கள் பெட்டியோடு ஒட்டியிருந்த ஹார்ட்டிஸ்க்கில் இருந்தன. அதனால்தான் லேப்டாப்போடு பெட்டியையும் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். கிளம்பும்போது வெறும் வீட்டைப் பார்த்து "போறேன்" என்றாளாம். இழவு வீட்டைத் தவிர வேறெங்கும் நம் பக்கம் யாரும் அப்படிச் சொல்லிக்கொண்டு கிளம்புவதில்லை.

இதெல்லாம் பின்னால் அவள் சொல்லித் தெரிந்தது. வந்த புதிதில் அம்மாவிடம் அவள் கேட்டது ஒன்றுதான்.

"மாமி, இதை மாடி ரூட்டர்ல சொருகிக்கிடட்டா? பாடம் இறக்கணும். சாயங்காலம் எல்லாரும் படம் பாக்காவ, ஒண்ணும் நகர மாட்டேங்கு. இதுன்னா எல்லாரும் தூங்குன பொறவு இறக்கும்."

"ராப்பூரா முழிச்சிண்டிருக்குமா?"

"ஆமா மாமி."

"சரி, இருக்கட்டும். எனக்கும் தூக்கம் வரதில்லை. துணைக்கு ஒண்ணு ஆச்சு."

அவள் வேலை பார்த்தது வண்டிகளுக்கான வயர்க்கட்டு செய்கிற ஆலையில். பலகையில் குறித்திருக்கும் தடத்தில் வயரை ஓட்டிக் கட்ட வேண்டும். குளிர்காலத்தில் இடது மணிக்கட்டு வலிக்கும். சூப்பர்வைசருக்குத் தெரியாமல் பல்லால் டேப்பைக் கிழிப்பாள். ஷிப்ட் முடிந்து வந்து குளித்துவிட்டு இறங்கியிருக்கும் பாடத்தைப் பார்ப்பாள். டிப்ளமாவை முடித்துவிட்டால் லைனிலிருந்து டெஸ்டிங்குக்குப் போகலாம். அறைத்தோழி கோமதியம்மாள் சங்கரன்கோவில்காரி. பெயரில்தான் அம்மாள், வயது செல்லக்கனியைவிடக் குறைவு. "ஏளா, ராத்திரி நீ பேசுதது ரொம்ப சுவாரசியமா இருக்கு. நேத்து யாருக்கோ கணக்குப் பாடம் எடுத்த" என்று அவள் கேலி செய்தபோது செல்லக்கனி முதல்முறையாக அதைக் கேட்டுச் சிரித்தாள் என்று அம்மா சொன்னாள்.

பிறகு ஒரு காலை, பாடங்களுக்கு நடுவே ஒரு பழைய சினிமா இறங்கியிருந்தது. அவளுக்குப் பிடித்த படம். கோமதி போட்டிருப்பாள் என்று நினைத்தாள்.

"நான் எதுக்கு உன் பெட்டியைத் தொடுதேன்? எனக்கு அந்த ஹீரோ மூஞ்சியவே பிடிக்காது" என்றாள் கோமதி.

அடுத்த முறை வந்தது ஒரு கோயில் கொடை வீடியோ. செல்லக்கனி ஊர் அம்மனுக்கு எடுக்கிற கொடைத் திருவிழா. உள்ளூர் வீடியோக்காரர் எடுத்தது. மேளம் சுற்றி வரும் இடத்தில் கூட்டத்தின் முன்வரிசையில், கல்யாணமான புதுசில், அவளே நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு ஆணின் கை மட்டும் தெரிந்தது. அந்தக் கை அவள் இடது மணிக்கட்டைப் பிடித்திருந்தது.

அவள் லேப்டாப்பின் பாஸ்வேர்டை மாற்றினாள். அதைப் படுக்கைக்கு அடியில் தள்ளிவைத்தாள். தூங்குகிறதைப் பூட்டிவிட்டு விழித்திருப்பதைத் திறந்தே வைத்திருக்கிறோம் என்று அவளுக்கு உடனே உறைக்கவில்லை. மறுநாளும் அதே கொடை வீடியோ இறங்கியிருந்தது. அப்போதுதான் புரிந்தது. அவன் எங்கிருந்தோ கேட்டிருக்கிறான். பெட்டி 'இருக்கிறேன்' என்று சொல்லியிருக்கிறது. எங்கே சொருகினாலும் அது அவன் போனுக்குத்தான் முதலில் தகவல் சொல்லும்.

பெட்டியைப் பிடுங்கினாள். அன்றைக்கு அம்மாவிடம் வந்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போதும் வாசலைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தாள். "மாமி, என்னைத் திரும்பக் கூட்டிட்டுப் போயிட்டாவன்னா இந்தத் தடவை ஓடு இருக்காது, கான்கிரீட் போட்டிருப்பாவ" என்றாள்.

பிடுங்கியாயிற்றே, இனி எப்படிக் கண்டுபிடிப்பான் என்றுதான் நானும் நினைத்தேன். இரண்டொரு நாளில் எங்கள் தெருவுக்கு இணைப்புக் கொடுக்கிற கேபிள் ஆபீசிலிருந்து அம்மாவுக்குப் போன் வந்தது.

"மாமி, லைன் போயிட்சா? கம்ப்ளெய்ன்ட் வந்துச்சே."

"இல்லையே. நான் கம்ப்ளெய்ன்ட் பண்ணலையே."

"உங்க சொந்தக்காரரு ஒருத்தரு பண்ணாரு மாமி. நம்ம தொழில்காரரு போல, நம்பரெல்லாம் கரீட்டா சொன்னாரு. பிள்ளைப்பாக்கம் ரோட்டு வூடுதானேன்னாரு. ஆமா சார், கீழ வயசான மாமி, மேல லேடீஸ் கீறாங்கன்னேன். ரொம்ப தேங்க்ஸ்னு வெச்சிட்டாரு. மரியாதையான ஆளு."

பச்சைப் புள்ளி அணைந்ததும் அவன் செய்த முதல் வேலை அதுதான். அவன் தொழிலில், பெட்டி அனுப்பிய இணைப்பு எண்ணை வைத்து அது யார் ஏரியா என்று பார்க்கத் தெரியும். பார்த்த பிறகு மரியாதையாகப் பேசவும் தெரியும்.

சான்றிதழ் நகல்களையாவது வேறொன்றில் எடுத்துக்கொள்ளலாம் என்று செல்லக்கனி பெட்டியை மறுபடி சொருகினாள். கோமதியும் அம்மாவும் பக்கத்தில் நின்றார்கள். நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே, அவர்கள் கண்ணெதிரே, வரிசையில் ஒரு கோப்பு வந்து விழுந்தது. உள்ளே ஒன்றும் இல்லை, பெயர் மட்டும்: 'தூக்கத்துல இன்னும் பேசுதியா'. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. 'வாரேன்'.

கோமதிதான் முதலில் மூச்சு விட்டாள். "அவ்வளவுதான்ளா. விடை சொல்லுதாரு. போயிட்டு வாரேங்கிறதைச் சுருக்கிருக்காரு. தலைமுழுகிட்டாருன்னு சந்தோசப்படு."

அம்மாவுக்கும் அப்படித்தான் தோன்றியது. "நாங்களும் அப்படித்தானே சொல்லுவோம். வரேன்னா கிளம்பறேன்னு அர்த்தம்."

செல்லக்கனி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அவிய கடைக்குப் போறப்ப ஒரு நாளும் எங்கிட்ட சொல்லிட்டுப் போனதில்ல மாமி. செருப்பு மாட்டுத சத்தம் கேக்கும், பொறவு வெளிய பூட்டுத சத்தம் கேக்கும். விடை சொல்ல அந்த வார்த்தையை எங்கிட்ட எடுத்ததே இல்ல. அதனால இது வாரேன்தான்."

நான் இருக்கும் ஊரில் ஒருவரிடம் இதை விளக்கப் போனால் விளங்காது. அவர்கள் மொழியில் போவது வேறு, வருவது வேறு. நம்மிடம்தான் போகிறவன் வருகிறேன் என்கிறான், யாரும் பயப்படுவதில்லை.

அன்றே அம்மா விசாரித்ததில், ஆள் வந்தால் உடனே கூப்பிடுங்கள் என்று போலீசில் ஒரு எண் கொடுத்தார்கள். வருவதற்கு முன்னால் செய்ய என்ன இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அதைச் சொன்னவர் ராஜாமணி. ஆலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்கிற வேன் டிரைவர். "மணிமங்கலத்துல எங்க அக்கா வூடு கீது. பின்னால ஒரு ரூம் சும்மாதான் கீது. காண்ட்ராக்டு வேலைதானே, அந்தப் பக்கமே வேற கம்பெனி பார்த்துக்கலாம். இன்னா சொல்றீங்க மாமி?"

செல்லக்கனி பெட்டியையும் தூக்கிப் பையில் வைத்தாள். பிறகு வெளியே எடுத்தாள். அது அணைந்தால் அவள் கிளம்பிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்துவிடும். ஆலை வாசல்களில் ஒவ்வொன்றாகப் போய் நிற்பான். எரிந்துகொண்டிருந்தால் நேரே இந்த வீட்டுக்குத்தான் வருவான். பெட்டியை இங்கேயே விட்டுப் போகட்டுமா என்று கேட்க அவளால் முடியவில்லை. அம்மாதான் பெட்டியை வாங்கி மாடி ரூட்டர் பக்கத்தில் வைத்தாள்.

"இது இங்கேயே இருக்கட்டும்."

"வேண்டாம் மாமி. நீங்க கீழ தனியா இருக்கீங்க."

"விலாசம் கிடைச்சாச்சு. இது இருந்தாலும் வருவான், இல்லாட்டாலும் வருவான். இருந்தா, நீ இங்கே இருக்கேன்னு நினைச்சிண்டு வருவான். அது போதும்."

நான் போனில் எவ்வளவோ சொன்னேன். ஜெயஸ்ரீ சித்தி வீட்டுக்குப் போ, கேட்டைப் பூட்டு, பெட்டியைத் தூக்கிக் குப்பையில் போடு. "குப்பைக்காரன் ஆத்துக்கு அவன் போகணுமா?" என்று அம்மா கேட்டாள்.

செல்லக்கனி வேனில் ஏறும்போது "போயிட்டு வாரேன் மாமி" என்றாள். அம்மா அவள் மணிக்கட்டைத் தொடாமல் முழங்கைக்கு மேலே பிடித்து ஏற்றிவிட்டாளாம்.

அதன் பிறகு மாடியில் பெட்டி மட்டும் அவளுக்காக விழித்திருந்தது. மணிமங்கலத்திலிருந்து அவள் தன் போன் வழியாக அதற்குப் பாடங்களை வரிசை போட்டாள், அவள் இன்னும் எங்கள் மாடியில்தான் இருக்கிறாள் என்று அவன் நம்ப வேண்டும் என்பதற்காக. அவனும் போட்டான். கல்யாண வீடியோ, கொடை வீடியோ, தாலாட்டுப் பாட்டு. இரண்டு பேர் போட்ட இரையையும் பெட்டி பேதம் பார்க்காமல் விழுங்கியது. யாரும் பார்க்காத பாடங்களும் யாரும் கேட்காத பாட்டுகளும் ஹார்ட்டிஸ்க்கில் பக்கத்தில் பக்கத்தில் நிரம்பின. ஒருநாள் அவள் என்னைக் கூப்பிட்டாள். "அக்கா, ரெண்டு நாளா அவிய ஒண்ணும் போடல" என்றாள். பாட்டு வந்துகொண்டிருந்தவரை ஆள் கடையில் இருக்கிறான் என்றாவது தெரிந்தது. அன்று முழுக்க நான் வேலையில் என்ன செய்தேன் என்று எனக்கு நினைவில்லை.

அவன் வந்தபோது நான் வீடியோ காலில் இருந்தேன். இங்கே காலை, அங்கே நல்ல வெயில். பெண்கள் ஷிப்டுக்குப் போயிருந்தார்கள். அம்மா போனைச் சாப்பாட்டு மேஜையில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துவிட்டு வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட் கொக்கி தூக்கும் சத்தம் கேட்டது.

"அம்மா, செல்லக்கனி இங்கதான இருக்கா?"

மெதுவான குரல். அம்மாவின் கை நின்றது. "இருந்தா. காலி பண்ணிண்டு போயாச்சு. நீங்க யாரு?"

"அவ வீட்டுக்காரன்மா. காலி பண்ணலியே. பச்சை எரியுதே, பாருங்க." போனை நீட்டியிருக்க வேண்டும்.

"அது பெட்டி. மாடியில இருக்கு. உங்களோடதுன்னா எடுத்துண்டு போங்கோ. கதவு திறந்துதான் இருக்கு."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். படிகளில் காலடி கேட்டது. பிறகு தலைக்கு மேலே ஒவ்வொரு அறையாக நடக்கும் சத்தம். நான் "அம்மா, அந்த நம்பருக்குக் கூப்பிடு" என்று கிசுகிசுத்தேன். அம்மா பேசாமலிரு என்று கண்ணைக் காட்டினாள். என்ன சொல்லிக் கூப்பிடுவது? மரியாதையாக வந்தவன், கேட்டுக்கொண்டு தன் பொருளை எடுக்கப் போயிருக்கிறான்.

இறங்கி வந்தபோது பெட்டி அவன் கையில் இருந்தது. வயரை ஒழுங்காகச் சுற்றியிருந்தான். உள்ளங்கையை அதன்மேல் வைத்துப் பார்த்தான்.

"சூடா இருக்கும்மா. இப்பத்தான் எந்திரிச்சுப் போயிருக்கா."

"அது எப்பவும் சூடாத்தான் இருக்கும்."

அவன் அதைக் காதில் வாங்கவில்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டான். அம்மா கொடுத்தாள். அண்ணாந்து குடித்துவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தான்.

"ராத்திரி பேசுவாளே, உங்களுக்குக் கேட்டிருக்குமே. யார் பேரையாவது சொன்னாளா?"

"நான் கீழே படுத்துக்கறேன். எனக்கு ஒண்ணும் கேட்டதில்லை."

அப்போது அவன் என்னைப் பார்த்தான். குனிந்து திரைக்குள் எட்டிப் பார்த்தான். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் ஒரு சீப்பு. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தால் இரண்டாவது தடவை திரும்பிப் பார்க்கத் தோன்றாத முகம். "வெளிநாட்டுல இருக்கியளா அக்கா? அங்க இப்ப விடியற நேரமில்லா. நல்லாத் தூங்குங்க" என்றான்.

செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. நான் அடுத்த சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கேட் பக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது.

"வாரேன்மா."

"போயிட்டு வாங்கோ" என்றாள் அம்மா.

எந்த விருந்தாளிக்கும், கேஸ் சிலிண்டர் போடுகிறவருக்கும்கூட, அம்மா சொல்கிற வார்த்தைதான். வாயிலிருந்து விழுந்த பிறகே அவளுக்குக் கேட்டது. வாழைப்பூக் கறை படிந்த விரல்களால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேட் கொக்கி விழுந்தது. அம்மா எழுந்து கேட்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "நடந்து போறான்டி. அவசரமே இல்லை. கேபிள் ஆபீஸ் பக்கம் திரும்பறான்" என்றாள்.

செல்லக்கனியின் அழைப்பு அதற்குள் வந்துவிட்டது. பச்சைப் புள்ளி அணைந்ததை மணிமங்கலத்தில் அவள் பார்த்திருக்கிறாள்.

"அக்கா, வந்துட்டாவளா?"

"வந்துட்டுப் போயாச்சு. அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. பெட்டியை எடுத்துண்டு போயிட்டார்."

"போறப்ப என்ன சொன்னாவ?"

சொன்னேன். அதற்கு அம்மா சொன்னதையும், அவன் கேபிள் ஆபீஸ் பக்கம் திரும்பியதையும் சேர்த்துச் சொன்னேன். ராஜாமணியின் அக்கா வீட்டில் குக்கர் விசில் அடிப்பது பின்னால் கேட்டது.

"மாமியை வருத்தப்பட வேண்டாம்னு சொல்லுங்க. யாரா இருந்தாலும் அதைத்தான் சொல்லுவோம். கேபிள் ஆபீசுல கேட்டா, என்னை ஏத்திட்டுப் போன வேன் யாருதுன்னு சொல்லிருவாவக்கா" என்றாள். துணிப்பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது. எங்கே என்று நான் கேட்கவில்லை. தெரிந்தால் அதை யாராவது மரியாதையாக என்னிடம் கேட்டு வாங்கிவிடலாம்.

"போறேன்க்கா" என்றாள்.